தேங்காய்ப்பாலை நிறுத்தியும் ட்ரைகிளிசரைட் ஏறியது ஏன்?

கேள்வி: கணக்காளர், வெள்ளவத்தை

வணக்கம். எனக்கு 46 வயது. கோட்டையில் ஓர் அலுவலகத்தில் கணக்காளராக இருக்கிறேன். நாள் முழுவதும் கதிரையில் இருந்தபடிதான் வேலை. மூன்று மாதங்களுக்கு முன்னர் செய்த குருதிப் பரிசோதனையில் மொத்தக் கொலஸ்திரோல் 240, கெட்ட கொலஸ்திரோல் எனப்படும் எல்.டி.எல். 158, நல்ல கொலஸ்திரோல் எனப்படும் எச்.டி.எல். 38, ட்ரைகிளிசரைட் என்ற கொழுப்பு 220 என்று வந்தது. எல்லாம் ஒரு டெசிலீற்றருக்கு மில்லிகிராம் என்ற கணக்கு. அப்பாவுக்கு 58 வயதில் மாரடைப்பு வந்ததால் வீட்டில் எல்லோரும் பயந்துவிட்டோம்.

அன்றிலிருந்து எங்கள் சமையலில் தேங்காய்ப்பாலும் இல்லை, தேங்காயெண்ணெயும் இல்லை. முட்டை, இறைச்சி, மீன் எல்லாவற்றையும் நிறுத்தினேன். காலையில் பாணும் ஜாமும், மதியம் சோறும் அவித்த மரக்கறியும், இரவில் இடியப்பமும் பருப்பும் என்று மாறினேன். கறியில் சுவை குறைந்ததாலோ என்னவோ, வயிறு நிறைந்த உணர்வு வராமல் சோறு ஓர் அகப்பை கூடிவிட்டது. அலுவலகத்தில் நாளுக்கு ஐந்து தேநீர் குடிப்பேன். ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சீனி. சீனியில் கொழுப்பு இல்லை என்பதால் அதை நான் பொருட்படுத்தவில்லை.

சென்ற கிழமை மீண்டும் பரிசோதித்தேன். மொத்தக் கொலஸ்திரோல் 238, எல்.டி.எல். 140, எச்.டி.எல். 36, ட்ரைகிளிசரைட் 310. இரண்டு தடவையும் பன்னிரண்டு மணித்தியாலம் வெறும் வயிற்றில் இருந்துதான் குருதி கொடுத்தேன். கொழுப்பை அறவே விட்ட ஒருவனின் குருதியில் கொழுப்பு கூடுவது எப்படி? அது எங்கிருந்து வருகிறது? மருந்துச் சீட்டை நான் கேட்கவில்லை. என் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதை விளங்கிக்கொள்ள விரும்புகிறேன்.

பதில்: உயிரியல் ஆசிரியை, கொட்டாஞ்சேனை

உங்கள் கேள்வியை என் உயர்தர வகுப்பில் வாசித்துக் காட்ட ஆசைப்படுகிறேன். பாடநூலில் சமிபாட்டை ஓர் அத்தியாயத்திலும் ஈரலை இன்னோர் அத்தியாயத்திலும் படிக்கும் பிள்ளைகள் இரண்டையும் இணைத்துப் பார்ப்பதில்லை. உங்கள் கேள்வியோ அந்த இணைப்பிலேயே நிற்கிறது. முதலில் உணவில் வரும் கொழுப்பின் வழியைச் சொல்கிறேன்.

நாம் உண்ணும் கொழுப்பின் பெரும்பகுதி ட்ரைகிளிசரைட்தான். ஒரு கிளிசரோலில் மூன்று கொழுப்பமிலங்கள் பிணைந்திருக்கும் மூலக்கூறு அது. அது நீரில் கரையாது என்பதே உடல் சந்திக்கும் முதல் சிக்கல். மீன் பொரித்த சட்டியை வெறும் தண்ணீரால் கழுவிப் பார்த்தவர்களுக்கு இந்தச் சிக்கல் தெரியும். சட்டிக்குச் சவர்க்காரம் என்ன செய்கிறதோ, சிறுகுடலில் கொழுப்புக்குப் பித்தம் அதைச் செய்கிறது. ஈரலில் சுரந்து பித்தப்பையில் தங்கியிருக்கும் பித்தம், கொழுப்புள்ள உணவு முன்சிறுகுடலை எட்டியதும் வெளியேறி, பெரிய எண்ணெய்த் துளிகளை மிகச்சிறிய துளிகளாகச் சிதறச் செய்கிறது. அவ்வாறு மேற்பரப்புப் பெருகிய பின்னர், சதையியிலிருந்து (கணையம்) வரும் இலிப்பேசு என்ற நொதியம் ஒவ்வொரு மூலக்கூறிலும் இரு ஓரங்களில் உள்ள கொழுப்பமிலங்களை வெட்டி, நடுவில் உள்ளதைக் கிளிசரோலுடனேயே விட்டுவிடுகிறது. வெட்டிய துண்டுகளைப் பித்த உப்புகள் சூழ்ந்துகொண்டு குடற்சுவர்வரை கொண்டுசெல்கின்றன.

இனி வருவதைத்தான் மாணவர்கள் மறந்துவிடுகிறார்கள். இவ்வளவு பாடுபட்டு வெட்டிய துண்டுகளைக் குடற்சுவரின் கலங்கள் உள்ளே எடுத்ததும் திரும்பவும் ட்ரைகிளிசரைட்டாகவே ஒட்டிவிடுகின்றன. பிறகு அதனுடன் சிறிது கொலஸ்திரோலையும் சேர்த்து, புரதமும் பொஸ்போலிப்பிட்டு என்ற வேறுவகைக் கொழுப்பும் கொண்ட உறையால் மூடி, கைலோமைக்கிரோன் என்ற பொதியாகக் கட்டுகின்றன. சீனியும் அமினோ அமிலங்களும் குருதிமயிர்க்குழாய்களில் நுழைந்து நேரே ஈரலுக்குப் போகும். இந்தப் பொதிகளோ அங்கே நுழைய முடியாத அளவுக்குப் பெரியவை என்பதால், குடற்சுவரில் விரல்போல நீண்டிருக்கும் சடைமுளையின் நடுவே உள்ள நிணநீர்க் குழாயில் இறங்குகின்றன. 1622 ஆம் ஆண்டில் இத்தாலியைச் சேர்ந்த கஸ்பாரே அசெல்லி, உணவு உண்டு சிறிது நேரமே ஆன ஒரு நாயின் வயிற்றைத் திறந்தபோது குடலைச் சுற்றி வெண்ணிற நூல்கள் போலத் தெரிந்தவை இக்குழாய்கள்தான். அவற்றுக்கு வெண்மை தந்தது கொழுப்பு. அங்கிருந்து நெஞ்சறைக்குள்ளே மேலேறும் நிணநீர்க்கான் வழியாக, இடது கழுத்தடியில் உள்ள பெரிய நாளத்தில் அது குருதியுடன் கலக்கிறது.

குருதியில் கலந்த பொதிகள் தசைகளையும் கொழுப்பிழையத்தையும் கடக்கும்போது, குருதிமயிர்க்குழாய்ச் சுவரில் காத்திருக்கும் மற்றோர் இலிப்பேசு அவற்றின் சரக்கை இறக்கிக்கொள்கிறது. தசை அதை எரிக்கிறது, கொழுப்பிழையம் சேமிக்கிறது. எஞ்சிய வெறும் உறை போன்ற பகுதியை ஈரல் எடுத்துக்கொள்கிறது. கொழுப்பான ஒரு சாப்பாட்டுக்குப் பின் மூன்று நான்கு மணித்தியாலங்களில் இப்பொதிகள் உச்சத்தை அடையும். சுகதேகியான ஒருவரிடம் பன்னிரண்டு மணித்தியாலத்தில் அவை குருதியைவிட்டு ஏறக்குறைய முழுவதும் நீங்கிவிடும்.

ஆகவே நீங்கள் வெறும் வயிற்றில் கொடுத்த குருதியில் இருந்த ட்ரைகிளிசரைட் முந்திய இரவு உண்ட கொழுப்பு அன்று. அது உங்கள் ஈரல் கட்டி அனுப்பியது. அந்த இரண்டாவது வழியை என்னைவிட நோயாளிகளைப் பார்த்த ஒருவர் சொல்வது நல்லது.

பதில்: ஓய்வு பெற்ற வைத்தியர், தெஹிவளை

ஆசிரியை விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். தம்பி, உங்கள் இரு அறிக்கைகளையும் அருகருகே வைத்து ஒரு கழித்தல் செய்து பாருங்கள், நீங்கள் கணக்காளர். மொத்தக் கொலஸ்திரோலிலிருந்து எச்.டி.எல்.ஐக் கழித்தால் முதல் தடவை 240 - 38 = 202. இரண்டாம் தடவை 238 - 36 = 202. நாடிச் சுவருக்குக் கேடு செய்யக்கூடிய எல்லாப் பொதிகளும் சுமக்கும் கொலஸ்திரோல் இந்த எண்ணுக்குள் அடங்கும். மூன்று மாதக் கட்டுப்பாட்டில் அது ஒரு மில்லிகிராம்கூட அசையவில்லை. அப்பொதிகளில் ஒன்றான எல்.டி.எல். 18 குறைந்தது உண்மை. அது உங்கள் முயற்சியின் பலன். ஆனால் குறைந்த அளவை ஈரல் கட்டும் வேறொரு பொதி ஈடுசெய்துவிட்டது. அதன் பெயர் வி.எல்.டி.எல்.

ஈரலும் குடலைப் போலவே ட்ரைகிளிசரைட்டைப் பொதிகளாகக் கட்டிக் குருதியில் விடுகிறது. அதற்கு வேண்டிய கொழுப்பமிலங்கள் மூன்று வழிகளில் ஈரலுக்கு வருகின்றன: உணவிலிருந்து, கொழுப்பிழையத்திலிருந்து கசிந்து, அல்லது மாப்பொருளையும் சீனியையும் கொண்டு ஈரலே புதிதாகச் செய்து. கொழுப்பு ஈரல் உள்ள ஒன்பது பேரிடம் அமெரிக்காவில் செய்து 2005 இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, ஈரலில் தேங்கிய கொழுப்பு எங்கிருந்து வந்தது என்பதை அடையாளமிட்ட மூலக்கூறுகளைக் கொண்டு அளந்தது. ஏறத்தாழ 59 வீதம் கொழுப்பிழையத்திலிருந்தும், 26 வீதம் ஈரலின் சொந்த உற்பத்தியிலிருந்தும், 15 வீதம் மட்டுமே நேரடியாக உணவுக் கொழுப்பிலிருந்தும் வந்திருந்தது. சிறிய ஆய்வுதான். ஆனாலும் 'கொழுப்பைத் தின்றால்தான் கொழுப்பு' என்று நினைத்திருந்த நோயாளிகளுக்கு இதை நான் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

இவற்றில் பின்னைய இரு வழிகளிலும் இன்சுலினின் கை உண்டு. அது ஈரலிடம் உபரிச் சீனியைக் கொழுப்பாக்கச் சொல்கிறது; கொழுப்பிழையத்திடம் சேமித்ததை வெளியே விடாதே என்று சொல்கிறது. வயிற்றைச் சுற்றிக் கொழுப்புச் சேர்ந்தவர்களிடம் இரண்டாவது கட்டளை சரிவரக் கேட்பதில்லை, முதலாவது கட்டளையோ தொடர்ந்து கேட்கிறது. விளைவாக, ஈரலுக்கு இரு பக்கமிருந்தும் சரக்கு வந்து குவிகிறது. தெற்காசியரான எங்களிடம் இந்தப் போக்கு அதிகம் என்பதால்தான் இடுப்புச் சுற்றளவின் எல்லையை எங்களுக்குக் குறைவாக வைத்திருக்கிறார்கள்: ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80. மேலைநாட்டு அட்டவணையில் பருமன் இல்லாதவராகத் தெரியும் ஒருவர் இங்கே எல்லையைத் தாண்டியிருப்பார்.

ஐந்து தேநீர், பத்துத் தேக்கரண்டி சீனி என்றால் நாளுக்கு 40 முதல் 50 கிராம். சீனியில் பாதி பிரக்டோசு. அதைப் பெரும்பாலும் ஈரல்தான் கையாள்கிறது, அதுவும் கொழுப்பாக மாற்றுவதற்கு மிக இலகுவான பாதையில். அதற்கு மேல் பாண், ஜாம், கூடிய ஓர் அகப்பைச் சோறு. நீங்கள் கொழுப்பை விட்டீர்கள். அந்த இடத்தில் ஈரலுக்குக் கொழுப்புச் செய்யும் மூலப்பொருளைக் கொடுத்தீர்கள். மீனை நிறுத்தியதும் நட்டம். சாளை, சூடை போன்ற எண்ணெய்ப் பிடிப்புள்ள மீன்களில் இருக்கும் ஒமேகா-3 கொழுப்பமிலங்கள் ஈரல் வி.எல்.டி.எல். கட்டுவதைக் குறைக்கின்றன. கொழும்புச் சந்தையில் விலை குறைந்த மீன்களே இந்த விடயத்தில் மேலானவை.

உங்கள் எச்.டி.எல். குறைந்திருப்பதும் இதே கதையின் தொடர்ச்சி. ட்ரைகிளிசரைட் நிறைந்த பொதிகள் எச்.டி.எல்.உடன் சரக்கை மாற்றிக்கொள்ளும்போது, எச்.டி.எல். ட்ரைகிளிசரைட்டை ஏற்றிக்கொண்டு விரைவில் சிதைந்து நீங்குகிறது. எல்.டி.எல். பொதிகளும் அதே மாற்றத்தால் சிறுத்துப்போகின்றன. ஒவ்வொன்றும் சுமப்பது குறைவு என்பதால், எல்.டி.எல். எண் குறைவாகத் தெரிந்தாலும் பொதிகளின் எண்ணிக்கை குறையாமல் இருக்கலாம். நாடியின் உட்சுவரில் நுழைந்து சிக்கி, வெண்குருதிக்கலங்கள் விழுங்கி, படிவாகத் தடிப்பவை இப்பொதிகளே.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ட்ரைகிளிசரைட் கூடியதற்குச் சீனியை மட்டும் குற்றம் சாட்டிவிட்டு இருந்துவிடாதீர்கள். நீரிழிவு, தைரொயிட் குறைபாடு, சிறுநீரக நோய், மதுபானம், சில மருந்துகள் ஆகியவையும் அதை ஏற்றும். அப்பாவின் மாரடைப்பையும் சேர்த்துப் பார்க்கையில், கடந்த சில மாதங்களின் சராசரிக் குருதிச் சீனியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. பரிசோதனையும் தைரொயிட் பரிசோதனையும் செய்து உங்கள் வைத்தியரிடம் காட்டுங்கள். ட்ரைகிளிசரைட் 500 ஐத் தாண்டினால் சதையி அழற்சி என்ற வேறோர் ஆபத்தும் தொடங்குகிறது. நீங்கள் அந்த எல்லையில் இல்லை.

பதில்: யாழ்ப்பாணத்தில் பிறந்தவர், பம்பலப்பிட்டி

டொக்டர் ஐயாவின் விளக்கத்துக்கு நன்றி. அப்படியானால் தேங்காய் குற்றமற்றது என்றுதானே ஆகிறது? என் அம்மம்மா தொண்ணூறு வயது வரை தேங்காய்ப்பால் விடாத கறியைத் தொட்டதில்லை. எங்கள் வளவில் பிடுங்கிய தேங்காயைத் துருவிச் சம்பலும், பாலைப் பிழிந்து சொதியும் செய்துதான் ஒரு தலைமுறையே வாழ்ந்தது. தேங்காயெண்ணெயில் உள்ள கொழுப்பு சிறிய சங்கிலி உடையது, அது உடனே எரிந்துவிடும் என்றும் வாசித்தேன். எண்ணெய்ப் போத்தலிலும் 'கொலஸ்திரோல் அற்றது' என்றே அச்சிட்டிருக்கிறார்கள். எங்களுடைய உணவையே நோய்க்குக் காரணம் என்று சொல்லும்போது மனம் நோகிறது.

பதில்: ஓய்வு பெற்ற வைத்தியர், தெஹிவளை

அம்மா, அந்த நோவு எனக்கும் உண்டு. நானும் சொதி குடித்து வளர்ந்தவன். ஆனால் மேலே உள்ள அறிக்கையை மறுபடி பாருங்கள். தேங்காய்ப்பாலையும் எண்ணெயையும் விட்ட பிறகு இந்தத் தம்பியின் எல்.டி.எல். குறைந்திருக்கிறது. அது தற்செயல் அன்று.

தேங்காயெண்ணெயில் ஏறத்தாழ 90 வீதம் நிரம்பிய கொழுப்பு (saturated fat). எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்திரோல் சொல்லும்படி இருப்பதில்லை என்பதால் போத்தலில் அச்சிட்டிருப்பது பொய்யல்ல; ஆனால் அது கேட்க வேண்டிய கேள்விக்கான விடையல்ல. ஈரலின் மேற்பரப்பில் எல்.டி.எல்.ஐப் பிடித்து உள்ளே இழுக்கும் வாங்கிகள் உள்ளன. அவற்றைக் கண்டறிந்த மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டைன் ஆகிய இருவரும் அதற்காக 1985 இல் நோபல் பரிசு பெற்றார்கள். நிரம்பிய கொழுப்பு கூடும்போது இந்த வாங்கிகளின் செயல் குறைகிறது; பிடிபட வேண்டிய எல்.டி.எல். குருதியிலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. உணவில் ஒரு துளி கொலஸ்திரோல் இல்லாவிட்டாலும் இது நடக்கும்.

சங்கிலி பற்றி நீங்கள் வாசித்தது பாதி சரி. எட்டும் பத்தும் காபன் அணுக்கள் கொண்ட கொழுப்பமிலங்கள், ஆசிரியை சொன்ன நிணநீர்ப் பாதையில் போகாமல், குடலிலிருந்து ஈரலுக்குக் குருதியைக் கொண்டுசெல்லும் ஈரல்வாயில் நாளம் வழியாக நேரே ஈரலுக்குப் போய் விரைவாக எரிகின்றன. தேங்காயெண்ணெயில் அவை ஏறத்தாழ ஏழில் ஒரு பங்குதான். பாதியளவு இருப்பது பன்னிரண்டு காபன் கொண்ட லோரிக்கமிலம். அதில் பெரும்பகுதி மற்ற நீண்ட சங்கிலிகளைப் போலக் கைலோமைக்கிரோனில் ஏறித்தான் பயணிக்கிறது. தேங்காயெண்ணெயைச் சூரியகாந்தி, சோயா, ஒலிவ் போன்ற எண்ணெய்களுடன் ஒப்பிட்ட பரிசோதனைகளைத் தொகுத்து 2020 இல் வெளிவந்த ஆய்வு, தேங்காயெண்ணெய் எல்.டி.எல்.ஐச் சராசரியாக 10 மில்லிகிராம் அளவு கூட்டுகிறது என்று காட்டியது. எச்.டி.எல்.உம் சிறிது கூடுகிறது. ஆனால் அந்தக் கூடுதல் நாடியைக் காக்கிறது என்பதற்கு ஆதாரம் வலுவாக இல்லை.

உங்கள் அம்மம்மாவை நான் மறுக்கவில்லை. பசுபிக்கில் பூகபூகா, தொக்கெலாவு என்ற தீவுகளைப் பற்றி 1981 இல் வெளியான ஆய்வு இருக்கிறது. தொக்கெலாவு மக்கள் தங்கள் சக்தியில் 63 வீதத்தையும் பூகபூகா மக்கள் 34 வீதத்தையும் தேங்காயிலிருந்து பெற்றார்கள். இரு தீவுகளிலும் நாடி நோய் அரிதாகவே இருந்தது. ஆனால் தேங்காய் கூடுதலாக உண்ட தீவில் கொலஸ்திரோலும் கூடுதலாகவே இருந்தது. அவர்கள் உண்டது நார்ப்பொருளோடு கூடிய தேங்காய், மீன், கிழங்கு. சீனி மிகக் குறைவு. உங்கள் அம்மம்மாவும் தேங்காயோடு கீரையும் குரக்கனும் உண்டு, கிணற்றில் தண்ணீர் இறைத்து, தோட்டம் கொத்தி வாழ்ந்திருப்பார். இந்தத் தம்பி காலையில் பஸ்ஸில் போய், மாலைவரை கதிரையில் இருந்து, சீனித் தேநீர் குடித்து, இரவு இடியப்பம் உண்கிறார். தேங்காய் அதே தேங்காய்தான். அது வந்து சேரும் உடல் வேறு.

உலக சுகாதார நிறுவனம் நிரம்பிய கொழுப்பை மொத்தச் சக்தியில் 10 வீதத்துக்குள் வைக்கச் சொல்கிறது. 2000 கலோரி உண்பவருக்கு அது நாளுக்கு ஏறத்தாழ 22 கிராம். ஒரு மேசைக்கரண்டி தேங்காயெண்ணெயில் 12 கிராம் அளவு இருக்கிறது. இரண்டு கரண்டியில் நாளின் கணக்கு முடிந்துவிடுகிறது. பாலும் பட்டரும் இறைச்சியும் அதற்கு மேல்தான். ஆகவே தேங்காயைப் பிழிந்த பாலாகவும் எண்ணெயாகவும் எடுப்பதை அளவாக்கி, வறைக்கும் சம்பலுக்கும் துருவிப் போடும் பூவைக் கொஞ்சமாக வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

தேங்காயைவிடக் கேடான ஒன்றைப் பற்றி இங்கே யாரும் கேட்கவில்லை: ஐதரசன் ஏற்றிக் கெட்டியாக்கிய எண்ணெயில் உள்ள மாறுபக்கக் கொழுப்பு (trans fat). அது எல்.டி.எல்.ஐ ஏற்றி, எச்.டி.எல்.ஐ இறக்கும். சக்தியில் ஒரு வீதத்துக்கும் குறைவாக வைக்கச் சொல்லப்பட்டிருப்பது அதனால்தான். மாலையில் அலுவலக வாசலில் வாங்கும் பற்றீஸ், ரோல்ஸ், பணிஸ் ஆகியவற்றில் எந்தக் கொழுப்பு இருக்கிறது என்று கேட்டறிய முடியாவிட்டால், அவற்றைத் தினமும் வாங்காமல் இருப்பதே பாதுகாப்பு.

பதில்: கணக்காளர், வெள்ளவத்தை

டொக்டருக்கும் ஆசிரியைக்கும் மனமார்ந்த நன்றி. 202, 202 என்ற இரண்டு எண்களையும் பார்த்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. கணக்கே தொழிலாகக் கொண்ட நான் அந்தக் கழித்தலைச் செய்து பார்க்கவில்லை. நேற்று இடுப்பை அளந்தேன், 98 சென்ரிமீற்றர். எச்.பி.ஏ.1.சி.க்குக் குருதி கொடுத்திருக்கிறேன். தேநீரில் சீனியை அரைத் தேக்கரண்டியாக்கினேன்; ஒரு கிழமையில் அதையும் விட எண்ணுகிறேன். சாளை மீனைக் குழம்பாக வைக்க வீட்டில் சம்மதம். மாலையில் மரைன் டிரைவில் மனைவியுடன் நடக்கத் தொடங்கியிருக்கிறோம்.

இரண்டு கேள்விகள் மிஞ்சியிருக்கின்றன. கொழுப்பே இல்லாமல் மரக்கறியை அவித்து உண்டதில் வேறு நட்டம் உண்டா? சொதிக்கு இரண்டாம் பாலை மட்டும் விடலாமா?

பதில்: உயிரியல் ஆசிரியை, கொட்டாஞ்சேனை

முதற் கேள்விக்கு நான் விடை சொல்கிறேன். நட்டம் உண்டு. ஏ, டி, ஈ, கே ஆகிய நான்கு விற்றமின்களும் கொழுப்பில் கரைபவை. பித்தமும் கொழுப்பும் சேர்ந்து செய்யும் அதே சிறு பொதிகளில் ஏறித்தான் அவையும் குடற்சுவரைத் தாண்டும். கரட்டிலும் கீரையிலும் உள்ள கரோட்டீனும் அப்படியே. வல்லாரையைத் துளி எண்ணெயோ தேங்காய்ப்பூவோ இல்லாமல் உண்டால் அதன் ஒரு பகுதி பயனின்றி வெளியேறிவிடும். லினோலெயிக், அல்பா லினோலெனிக் என்ற இரு கொழுப்பமிலங்களை உடல் செய்துகொள்ள இயலாது. உணவில் வந்தே ஆக வேண்டும். ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெயைச் சமையலில் சேர்ப்பதற்கு நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. லினோலெயிக் அமிலம் அதில் தாராளமாக இருக்கிறது.

பதில்: ஓய்வு பெற்ற வைத்தியர், தெஹிவளை

இரண்டாம் பாலில் கொழுப்பு முதற்பாலைவிட மிகக் குறைவு. கிழமையில் இரண்டு மூன்று நாள் விடுங்கள். ஆனால் அந்தச் சொதிக்கு இடியப்பம் எத்தனை என்பதையும் எண்ணுங்கள். தவிடு நீங்காத சிவப்பரிசி மாவில் செய்தால் மேலும் நல்லது. பன்னிரண்டு கிழமை கழித்து, வெறும் வயிற்றில், முடிந்தால் அதே ஆய்வுகூடத்தில் மறுபடி பரிசோதியுங்கள். ஆனால் எச்.பி.ஏ.1.சி. அறிக்கை வந்ததும், பன்னிரண்டு கிழமை காத்திராமல், உங்கள் வைத்தியரைப் பாருங்கள்; அப்பாவுக்கு மாரடைப்பு வந்த வயதையும் அவரிடம் மறவாமல் சொல்லுங்கள். எல்.டி.எல். குறைக்கும் மாத்திரை வேண்டுமா என்பதை அவர் முடிவுசெய்யட்டும். வேண்டும் என்று அவர் சொன்னால், நடையையும் மீனையும் காரணம் காட்டித் தள்ளிப்போடாதீர்கள்.